சாவி உள்ள நோடே பாக்கெட்டை விழுங்கினால்? (ஏஓடிவி, என்எஸ்-2)

கடைசி_செமஸ்டர்

வணக்கம். எம்.இ. கம்யூனிகேஷன் சிஸ்டம்ஸ், இரண்டாம் வருடம். ப்ராஜெக்ட், மொபைல் அட்ஹாக் நெட்வொர்க்கில் (டவர் இல்லாமல் நோட்கள், அதாவது சாதனங்கள், தாங்களே ஒன்றுக்கொன்று பாக்கெட் கடத்துவது) பிளாக்ஹோல் தாக்குதல் (பாதைக்குள் புகுந்து பாக்கெட்டை விழுங்குவது). ஆமாம், சீனியர்கள் எல்லோரும் செய்து தேய்த்த அதே தலைப்புதான். திட்டாமல் மேலே படியுங்கள்.

என்எஸ்-2.35 சிமுலேட்டர். 50 நோட், 1000க்கு 1000 மீட்டர் மைதானம், ரேண்டம் வேபாயிண்ட் நகர்வு, 512 பைட் சிபிஆர் (சீரான வேகத்தில் அனுப்பும்) டிராஃபிக். தேவைப்படும்போது வழி தேடும் ஏஓடிவி ரூட்டிங் புரோட்டோகாலின் கோடில் ஒரு நோடை மட்டும் கெட்டவனாக்கினேன். யார் எந்த முகவரிக்கு வழி கேட்டாலும் "என்னிடம் இருக்கிறது, ஒரே ஹாப்" என்று சொல்லி, சீக்வென்ஸ் நம்பர் (வழி எவ்வளவு புதுசு என்று காட்டும் எண்) 4294967295 போட்டு ரூட் ரிப்ளை அனுப்பிவிடும். டேட்டா வந்து சேர்ந்ததும் கீழே போட்டுவிடும். டெலிவரி விகிதம் விழுந்தது. அப்புறம் தடுப்பு: ரிப்ளையில் வரும் சீக்வென்ஸ் நம்பர் ஒரு வரம்பைத் தாண்டினால் அதைத் தூக்கி எறி. விகிதம் எழுந்தது. கிராஃப் இரண்டும் அழகு.

இரண்டாம் ரிவ்யூவுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒன்றே ஒன்று கேட்டார். "உங்கள் கெட்டவன் வெளியாளா, உள்ளாளா? உள்ளாள் என்றால் சாவியும் சான்றிதழும் அவனிடமும் இருக்குமே. அவன் எதற்கு இப்படி ஊருக்கே தெரிகிற மாதிரி ஒரு நம்பரைப் போட வேண்டும்?" ஹாலில் சிரிப்பு. நான் தண்ணீர் குடித்தேன்.

கேட்க வந்தது இதுதான். ஏஓடிவியின் பாதுகாப்பு வடிவமான எஸ்ஏஓடிவி மாதிரி கையெழுத்துப் போடும் புரோட்டோகால் இருந்தால் உள்ளாள் அடங்கிவிடுவானா? அடங்க மாட்டான் என்றால், மீதி இருக்கும் இரண்டரை மாதத்தில் நான் எதை சிமுலேட் செய்து காட்டினால் மானம் தப்பும்?

பைட்_பரமசிவம்

எஸ்ஏஓடிவி போடுங்கள். டிஜிட்டல் கையெழுத்து, ஹாஷ் செயின், எல்லாம் அதில் இருக்கிறது. அடுத்த ரிவ்யூவில் அதையே சொல்லுங்கள், முடிந்தது. இதற்கு எதற்கு ஒரு திரி?

மொட்டைமாடி_ஆன்டெனா

பரமசிவம் சொன்னபடி போய் நின்றால் அந்தப் பேராசிரியர் இரண்டாவது கிளாஸ் தண்ணீரும் குடிக்க வைப்பார். தம்பி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். எனக்கு இன்று பவர் ஷட்டவுன், லேப்டாப்பில் சார்ஜ் இருக்கிறது, வேறு வேலை இல்லை.

முதலில் உங்கள் 4294967295. அது என்எஸ்-2-க்குள் மட்டும் உயிரோடு இருக்கிற பேய். ஏஓடிவியின் விதிநூல் ஆர்எஃப்சி 3561, 2003 ஜூலையில் வந்தது. சீக்வென்ஸ் நம்பரை எப்படி ஒப்பிட வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது: வந்த எண்ணிலிருந்து கையில் இருக்கும் எண்ணைக் கழி, விடையை சைன் உள்ள 32 பிட் எண்ணாகப் படி, பூஜ்யத்துக்குக் கீழே போனால் வந்தது பழைய செய்தி. எண்கள் சுற்றி வந்து மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும்போது குழப்பம் வரக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அப்படிப் படித்தால் 4294967295 என்பது வெறும் மைனஸ் 1. டேபிளில் ஏற்கனவே 20 இருந்தால் உங்கள் கெட்டவனின் ரிப்ளை "பழசு" என்று குப்பைக்குப் போகும். டேபிள் காலியாக இருந்து முதலில் ஏறிவிட்டது என்றாலும், நிஜமான முகவரிக்காரன் 21 என்று பதில் அனுப்பியதும் 21 தான் புதுசு, கெட்டவன் வெளியே. என்எஸ்-2-இல் ஏன் ஓடுகிறது? அதன் ஏஓடிவி கோடைத் திறந்து ரிப்ளை வாங்கும் ஃபங்ஷனைப் பாருங்கள். சைன் இல்லாத இரண்டு எண்களுக்கு நடுவில் சாதாரண "சிறியது" குறி, அவ்வளவுதான். சிமுலேட்டரின் ஒரு சோம்பலைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நெட்வொர்க்கை உடைத்திருக்கிறீர்கள்.

இந்த வட்டக் கணக்கு ஒன்றும் சின்ன விஷயம் இல்லை. 1980 அக்டோபர் 27-ஆம் தேதி இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட் முழுவதும் சில மணி நேரம் படுத்தது இதனால்தான். அப்போது சீக்வென்ஸ் நம்பர் வெறும் 6 பிட். ஹார்டுவேர் கோளாறில் பிட் உதிர்ந்து, ஒரே நோடின் பெயரில் 8, 40, 44 என்று மூன்று அப்டேட்கள் சுற்ற ஆரம்பித்தன. 44 என்பது 40-ஐ விடப் புதுசு, 40 என்பது 8-ஐ விடப் புதுசு, வட்டத்தில் சுற்றி வந்தால் 8 என்பது 44-ஐ விடப் புதுசு! மூன்றும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருந்தன. எல்லா நோடும் விதிப்படி, "புதுச் செய்தி வந்தது" என்று பக்கத்து நோடுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. ஆர்எஃப்சி 789-இல் முழுக் கதையும் இருக்கிறது. துப்பறியும் கதை மாதிரி ஓடும், படியுங்கள்.

புத்திசாலியான கெட்டவன் நிஜ எண்ணோடு இரண்டோ மூன்றோ கூட்டிப் போடுவான். உங்கள் வரம்புத் தடுப்பு அவனைக் கண்டுகொள்ளாது. பேராசிரியர் குத்திய இடம் அதுதான்.

சரி, எஸ்ஏஓடிவி. அது என்ன செய்கிறது? பாக்கெட்டில் வழியில் மாறக்கூடாத பகுதிகளுக்கு அதை முதலில் உருவாக்கிய நோடின் கையெழுத்து. வழியில் மாறியே தீர வேண்டிய ஹாப் எண்ணிக்கைக்கு ஹாஷ் செயின் (ஒவ்வொரு ஹாப்பிலும் ஒரு தடவை போட வேண்டிய, பின்னோக்கித் திருப்ப முடியாத கணக்கு). இதனால் இரண்டு பொய்கள் சாகின்றன. இன்னொருவன் பெயரில் சீக்வென்ஸ் நம்பரை ஏற்ற முடியாது, ஹாப் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. ஆனால் கூட்டாமல் அப்படியே கடத்திவிட முடியும். ஹாஷை ஒரு தடவை போடாமல் விட்டால் போதும், ஒரு ஹாப் மிச்சம். அது சில்லறைத் திருட்டு.

பெரிய ஓட்டை வேறு இடத்தில். உள்ளாள் பொய்யே சொல்ல வேண்டியதில்லை.

ஏஓடிவியில் ஒரு ரூட் ரிக்வெஸ்ட் பல வழியாக வரும். ஒவ்வொரு நோடும் முதலில் வந்ததை மட்டும் கடத்தும், மற்றதெல்லாம் டூப்ளிகேட் என்று விழும். அக்கம்பக்கத்து நோடெல்லாம் ஒரே நேரத்தில் கத்தி மோதிக்கொள்ளக் கூடாது என்று, கடத்துவதற்கு முன் ஒவ்வொன்றும் கொஞ்சம் தாமதிக்கும். என்எஸ்-2 கோடில் பிராட்காஸ்ட் அனுப்பும் இடத்தில் 0.01-ஐ ஒரு ரேண்டம் எண்ணால் பெருக்கியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதாவது 10 மில்லி செகண்டுக்குள் ஏதோ ஒரு தாமதம். உங்கள் கெட்டவனிடம் மட்டும் அதைப் பூஜ்யமாக்குங்கள். அவன் கையெழுத்தைத் தொடவில்லை, ஹாப்பைச் சரியாகக் கூட்டினான், எண் எதையும் மாற்றவில்லை. மற்றவர்கள் வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது இவன் தெருமுனைக்குப் போய்விட்டான். அவன் கொண்டுவந்த ரிக்வெஸ்ட்தான் முதலில் சேரும், அவன் வழியாகத்தான் பாதை அமையும். இதற்கு ரஷ்ஷிங் தாக்குதல் என்று பெயர் வைத்து ஹூ, பெரிக், ஜான்சன் மூவரும் 2003-இல் எழுதினார்கள்.

பாதையில் உட்கார்ந்த பிறகு டேட்டாவை விழுங்குகிறான். ஏஓடிவிக்கு ஏன் தெரியவில்லை? இதை ரிவ்யூவில் யாராவது கேட்டால் உங்களுக்கு முழு மார்க். உங்கள் சிமுலேஷனில் இணைப்பு அறுந்ததை ஏஓடிவி தெரிந்துகொள்வது கீழே 802.11 (வைஃபை) லேயர் சொல்வதை வைத்து. பக்கத்து நோட் அந்த லேயரில் (மேக் லேயர்) அக், அதாவது "கிடைத்தது" என்ற ஒப்புதல், அனுப்பினால் இணைப்பு நலம் என்று பொருள். கெட்டவன் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒழுங்காக அக் போடுகிறான். வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மூட்டையைக் கிணற்றில் தள்ளும் கொரியர்காரன் அவன். ரூட் எரர் எங்கிருந்தும் வராது. உங்கள் சிபிஆர் யுடிபி மேல் ஓடுகிறது. யுடிபியில் போய்ச் சேர்ந்ததற்கு அக் கிடையாது, கேட்கவும் தெரியாது. கடைசிப் பாக்கெட் வரை கிணற்றுக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நானே அந்த உள்ளாளாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்திருக்கிறேன்.

2009 முதல் நாலு வருடம் வேலைக்காக பெர்லினில் இருந்தேன். குடியிருந்த கட்டடத்தின் கூரையில் ஒரு ரூட்டர், எதிர்த் தெருவில் ஒன்று, சர்ச்சுக்குப் பின்னால் ஒன்று என்று அக்கம்பக்கத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு மெஷ் வைத்திருந்தோம். ஓஎல்எஸ்ஆர் என்ற ரூட்டிங் புரோட்டோகால் ஓடும். வீட்டில் டிஎஸ்எல் இருப்பவர்கள் "இன்டர்நெட்டுக்கு என் வழியாகப் போகலாம்" என்று எச்என்ஏ செய்தியில் 0.0.0.0/0 அறிவிப்பார்கள். எங்கள் பகுதியில் செக்யூர் பிளகின் போட்டு, சாவி தெரிந்தவர்கள் மட்டுமே பேச முடியும் என்று வைத்திருந்தோம். சாவி என்னிடம் இருந்தது. நானே இரண்டு பேருக்குக் கொடுத்துமிருந்தேன்.

அந்த மாதம் வீட்டு டிஎஸ்எல் கம்பெனியை மாற்றினேன். பழையது வெள்ளிக்கிழமை போனது, புதியது செவ்வாய் வரவேண்டும். கூரை ரூட்டரின் கான்ஃபிக் ஃபைலில் 0.0.0.0/0 என்ற அந்த ஒரு வரியை எடுக்க மறந்துவிட்டேன். இன்டர்நெட் உண்மையில் இருக்கிறதா என்று பிங் செய்து பார்த்துவிட்டு அறிவிக்கும் ஒரு பிளகின் உண்டு. "எதற்கு, மெமரி வீணாகும்" என்று அதையும் நான் போடவில்லை. எனது கூரை உயரம். எல்லோருக்கும் என்னோடுதான் நல்ல சிக்னல். தெரு முழுவதும் இன்டர்நெட்டுக்கு என்னைத் தேடி வந்தது. நான் அவ்வளவையும் விழுங்கினேன்.

வேடிக்கை என்னவென்றால் மெஷ் ஆரோக்கியமாகத் தெரிந்தது. எந்த ரூட்டரைப் பிங் செய்தாலும் பதில் வந்தது. ரூட்டிங் டேபிள் பளிச்சென்று இருந்தது. எல்லாச் செய்தியிலும் கையெழுத்து சரி. நாலாவது மாடியில் ஆன்லைன் செஸ் ஆடும் ஒரு தாத்தா இருந்தார், ஆட்டம் பாதியில் போனதற்கு அவர்தான் முதலில் கத்தினார். காலையிலிருந்து நாங்கள் நாலு பேர் எல்லா ஆன்டெனாவையும் திருப்பிப் பார்த்தோம், ஒரு கேபிளை மாற்றினோம், மழையைக் குறை சொன்னோம். சாயங்காலம் ஒரு பெண் டிரேஸ்ரூட் (பாக்கெட் போகும் வழியை ஹாப் ஹாப்பாகக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தார். கடைசியாகப் பதில் சொன்ன முகவரி என்னுடையது. அதற்கப்புறம் வெறும் நட்சத்திரங்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று பீட்சா நான்தான் வாங்கினேன்.

எங்கள் சாவி எல்லோருக்கும் ஒரே சாவி என்பதையும் கவனியுங்கள். என் பெயரில் வேறு யாராவது அந்த அறிவிப்பை அனுப்பியிருந்தாலும் கையெழுத்து சரியாகத்தான் இருக்கும். வெளியாளைத் தடுக்கும் அந்தப் பூட்டு, உள்ளே யார் செய்தது என்று கூடச் சொல்லாது. ஆளுக்கொரு சாவி என்றால் யார் சொன்னது என்று தெரியும். சொன்னது நிஜமா என்று அப்போதும் தெரியாது. என் விஷயத்தில் நான் சொன்னது நானே நம்பிய பொய்.

அர்பாநெட்டின் ஆரம்ப வருடங்களிலேயே ஹார்வர்டில் இருந்த ஒரு ஐஎம்பி (அந்தக் காலத்து ரூட்டர்), மெமரி கெட்டுப்போய், எல்லா ஊருக்கும் தூரம் பூஜ்யம் என்று அறிவித்தது. நெட்வொர்க்கின் பாக்கெட்டெல்லாம் ஹார்வர்டு நோக்கி ஓடின. உங்கள் ப்ராஜெக்ட்டின் முதல் பிளாக்ஹோல் அது. தாக்கியவன் என்று ஒருவன் கூட இல்லை.

கடைசி_செமஸ்டர்

அண்ணா, இரண்டு முறை படித்தேன். சைன் கணக்கை இப்போதுதான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், மைனஸ் 21 வருகிறது. கிராஃபைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

கைடிடம் ரஷ்ஷிங் பற்றிச் சொன்னேன். "அப்படியானால் வாட்ச்டாக் போடு" என்றார். பக்கத்து நோட் கடத்துகிறதா என்று ஒட்டுக்கேட்டு, கடத்தாவிட்டால் புள்ளி குறைத்து, பாதையிலிருந்து விலக்குவது. அது போதுமா?

அலைவரிசை_அகிலா

வாட்ச்டாகோடு நான் ஒன்றரை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், அதனால் குறுக்கே வருகிறேன்.

மூலக் கட்டுரை ஸ்டான்ஃபோர்டிலிருந்து, 2000-ஆம் ஆண்டு மொபிகாம் மாநாட்டில் வந்தது. மார்ட்டி, ஜூலி, லாய், பேக்கர். டிஎஸ்ஆர் என்ற ரூட்டிங் புரோட்டோகால் மேல் செய்தார்கள். 40 சதவீத நோட்கள் கெட்டவையாக இருந்தபோதும் மிதமான நகர்வில் த்ரூபுட் 17 சதவீதம் கூடியது, அதற்கு விலையாக ரூட்டிங் செய்திகளின் சுமை 9-இலிருந்து 17 சதவீதமானது. இந்த எண்களை எல்லோரும் எடுத்துப் போடுவார்கள். அதே கட்டுரையில் அவர்களே ஒப்புக்கொண்ட பலவீனங்களை யாரும் எடுத்துப் போடுவதில்லை. நீ கேட்கும் நேரத்தில் உன் பக்கத்தில் வேறு பாக்கெட் மோதினால் உனக்குக் கேட்காது. அவன் அனுப்பியது உனக்குக் கேட்டது, வாங்க வேண்டியவனுக்குச் சேரவில்லை என்றால் உனக்குத் தெரியாது. கெட்டவன் பவரைக் குறைத்து, உனக்குக் கேட்கும்படி ஆனால் அடுத்தவனை எட்டாதபடி அனுப்பலாம். நல்லவனைக் கெட்டவன் என்று பொய் சொல்லலாம். இரண்டு பேர் கூட்டுச் சேரலாம். வரம்புக்குக் கொஞ்சம் கீழே மட்டும் விழுங்கலாம்.

எனக்கு அடி விழுந்தது இந்த ஆறிலும் இல்லை. நான் சிமுலேட்டரில் இல்லாமல் நிஜக் கார்டுகளில், 802.11எஸ் என்ற வைஃபை மெஷ்ஷில் செய்தேன். பாதுகாப்போடு ஓடும் அந்த மெஷ்ஷில் ஒவ்வொரு ஜோடி நோடுக்கும் தனிச் சாவி. பக்கத்து நோட் அடுத்தவனுக்கு அனுப்புவதை நான் கேட்கலாம், ஆனால் அது அவர்கள் இருவருக்கும் உள்ள சாவியில் பூட்டியிருக்கிறது. நான் கொடுத்த பாக்கெட்டா, வேறு குப்பையா, சொல்ல வழியில்லை. ஏதோ சத்தம் வந்தது என்று மட்டும் தெரியும். ரகசியத்துக்காகப் பூட்டைக் கூட்டக் கூட, காவல்நாய்க்குக் கண் மங்குகிறது. இது எனக்கு ஆறாவது மாதத்தில் உறைத்தது. அதுவரை எழுதிய கோட் பெட்டியில் தூங்குகிறது.

அப்புறம் ரேட், அதாவது அனுப்பும் வேகம். பக்கத்து நோட் தன் அடுத்தவனுக்கு மிக அருகில் இருந்தால் வேகமான மாடுலேஷனில் அனுப்பும். தூரத்தில் இருக்கும் என் கார்டால் அதைப் பிரித்தே எடுக்க முடியாது. நல்ல நோட், நல்ல இணைப்பு, என் பட்டியலில் மட்டும் திருடன். என்எஸ்-2-இல் பொதுவாக எல்லோரும் ஒரே ரேட், ஒரே வட்டம் என்று வைப்பதால் இது கிராஃபில் வராது. நோட்கள் நகர ஆரம்பித்தால் இன்னும் மோசம். கடத்துவதற்குள் அது என் வட்டத்தை விட்டே போயிருக்கும்.

இன்னொன்றும் எனக்குப் பிடிக்காது. கெட்டவனைப் பாதையிலிருந்து விலக்குவதோடு சரி. அவனுடைய சொந்த டிராஃபிக்கை மற்றவர்கள் தொடர்ந்து சுமப்பார்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்க விழுங்கியவன் என்றால் அவனுக்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்த மாதிரி.

செய்யவே வேண்டாம் என்று சொல்லவில்லை. செய்தால் பொய்க் குற்றச்சாட்டு எத்தனை என்ற எண்ணையும் சேர்த்து வரையுங்கள். டெலிவரி விகிதம் மட்டும் வரைந்தால் நானே ரிவ்யூவுக்கு வந்து கேட்பேன்.

பைட்_பரமசிவம்

சரி, நான் பேசாமல் இருக்கிறேன். ஆனால் ஒட்டுக்கேட்டும் நம்ப முடியாது, கையெழுத்தும் போதாது என்றால் வேறு என்னதான் மிச்சம்?

மொட்டைமாடி_ஆன்டெனா

மிச்சம், போய்ச் சேர்ந்தவனிடம் கேட்பது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களைக் காப்பாற்றியது டிரேஸ்ரூட்தான். கையெழுத்துச் சோதனையும் இல்லை, சிக்னல் மீட்டரும் இல்லை.

இதையே ஒழுங்காகச் செய்தது ஓடிஎஸ்பிஆர் என்ற புரோட்டோகால். அவெர்புக், ஹோல்மர், நீட்டா-ரோட்டாரு, ரூபென்ஸ் நால்வரின் வேலை, 2002. ஒவ்வொரு டேட்டா பாக்கெட்டுக்கும் முகவரிக்காரன் தன் சாவியால் முத்திரை போட்ட அக் அனுப்ப வேண்டும். நடுவில் இருப்பவனால் அதைப் போலியாகச் செய்ய முடியாது, ஏனென்றால் அந்தச் சாவி அனுப்பியவனுக்கும் வாங்குபவனுக்கும் மட்டும் தெரியும். இழப்பு ஒரு வரம்பைத் தாண்டினால் பாதையின் நடுவில் ஒரு நோடை "நீயும் அக் அனுப்பு" என்று நியமிப்பார்கள். அவன் வரை ஒழுங்காக வருகிறதா? வந்தால் தொல்லை பின்பாதியில், வராவிட்டால் முன்பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கு. 8 ஹாப் பாதை என்றால் மூன்று முறை பாதியாக்கினால் போதும். அகிலா சொன்ன ரேட், பூட்டு, பவர் எதுவும் இதைப் பாதிக்காது, யாரும் யாரையும் ஒட்டுக்கேட்கவில்லை.

ஆனால் கடைசியில் கையில் கிடைப்பது ஒரு நோட் இல்லை, ஒரு இணைப்பு. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவில் பாக்கெட் காணாமல் போகிறது, அவ்வளவுதான் தெரியும். "நான் கொடுத்தேன்" என்பான் ஒருவன், "என்னிடம் வரவே இல்லை" என்பான் மற்றவன். வாடகை கொடுத்ததா இல்லையா என்று ரசீது இல்லாமல் சண்டை போடும் இரண்டு பேரில் யார் பொய் என்று தெருவில் நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? அதனால் ஓடிஎஸ்பிஆர் யாரையும் திருடன் என்று சொல்வதில்லை. அந்த இணைப்பின் எடையைக் கூட்டிவிட்டு, அடுத்த முறை எடை குறைந்த பாதையைத் தேடுகிறது. எனக்கு இந்தப் புரோட்டோகாலில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மழையில் அறுந்த இணைப்பையும் திருட்டு இணைப்பையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை, பார்க்கத் தேவையும் இல்லை.

விலை உண்டு. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அக் என்றால் காற்றில் நெரிசல். வரம்பை இறுக்கினால் வேகமாக நகரும் நோட்கள் எல்லாம் குற்றவாளி ஆகும், தளர்த்தினால் ஐந்துக்கு ஒன்று மட்டும் விழுங்கும் கிரேஹோல் சுகமாக வாழும். தம்பி, உங்கள் ப்ராஜெக்ட் இந்த வரம்பில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இரண்டரை மாதத்துக்கு நான் செய்வதாக இருந்தால், பொய் சொல்லாத ஒரே ஒரு கெட்டவனை வைப்பேன். தாமதத்தைப் பூஜ்யமாக்கிப் பாதைக்குள் வருபவன், ரூட்டிங் பாக்கெட்டை ஒழுங்காகக் கடத்துபவன், டேட்டாவில் மட்டும் கை வைப்பவன். முதலில் அவன் மேல் உங்கள் பழைய சீக்வென்ஸ் நம்பர் வரம்பை ஓட்டுங்கள். ஒன்றும் ஆகாது, அந்தத் தோல்விதான் உங்கள் முதல் கிராஃப். பிறகு முகவரிக்காரனின் அக்கும் பாதியாக்கித் தேடுவதும். நிற்கும் நோட், நடக்கும் நோட், வண்டி வேகத்தில் போகும் நோட் என்று வேகத்தை மட்டும் மாற்றி, எத்தனை நல்ல இணைப்பு தண்டனை வாங்குகிறது என்று வரையுங்கள். முழு கிரிப்டோ எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். முத்திரையைப் போலி செய்ய முடியாது என்று வைத்துக்கொண்டு, அதற்கான பைட்களை மட்டும் பாக்கெட் நீளத்தில் சேர்த்தால் போதும். அதை ரிப்போர்ட்டில் சொல்லிவிடுங்கள்.

வார்ம்ஹோல் பக்கம் போகாதீர்கள். இரண்டு பேர் தனி லிங்க் போட்டு, இந்த மூலையில் கேட்டதை அந்த மூலையில் அப்படியே ஒலிபரப்புவது அது; சாவி கூடத் தேவையில்லை. பாக்கெட் லீஷ் என்று அதற்கு ஒரு தடுப்பு உண்டு, பாக்கெட் கிளம்பிய நேரத்தையும் வந்த நேரத்தையும் கழித்து தூரம் பார்ப்பது. ஆனால் வெளிச்சம் ஒரு மைக்ரோ செகண்டில் 300 மீட்டர் போய்விடும். கடிகாரம் அந்த அளவு பிசகினாலே உங்கள் மைதானத்தில் மூன்றில் ஒரு பங்கு பிசகுகிறது. சிமுலேட்டரில் எல்லோருக்கும் ஒரே கடிகாரம், அதனால் வேலை செய்கிற மாதிரித் தெரியும். மறுபடி 4294967295 கதைதான்.

அலைவரிசை_அகிலா

ஓஎல்எஸ்ஆர் பக்கம் யாராவது கேட்டால் சொல்ல ஒன்று: ஹலோ செய்தியில் வில்லிங்னஸ் என்று ஒரு புலம் உண்டு. சாதாரணமாக 3. அதில் 7 போட்டால், பக்கத்தில் இருக்கும் எல்லோரும் உங்களைக் கடத்தும் நோடாகத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஆர்எஃப்சி 3626. அதாவது "நான் சேவை செய்யத் தயார்" என்று கையைத் தூக்கினால் போதும். பொய்யும் இல்லை, விதிமீறலும் இல்லை. வைவாவில் சொன்னால் ஒரு நிமிடம் அமைதி நிலவும்.

கடைசி_செமஸ்டர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், நடுவில் இன்டர்னல் தேர்வு.

தாமதத்தைப் பூஜ்யமாக்கினேன். ஓடவிட்டால் கெட்டவன் பாதைக்குள் வரவே இல்லை, மொத்த நெட்வொர்க்கும் திணறியது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் கெட்டவனா என்று கேட்கும் கண்டிஷனை மறந்து, 50 நோடுக்கும் தாமதத்தை எடுத்திருக்கிறேன். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தி, ரூட் ரிக்வெஸ்டெல்லாம் மோதிச் செத்திருக்கின்றன. அண்ணா சொன்ன "செருப்புப் போடும் நேரம்" எதற்கு என்று அன்றுதான் புரிந்தது.

சரிசெய்த பிறகு அவன் வருகிறான். மைதானத்தின் நடுவில் வைத்தால் நிறையப் பாதைகளில், ஓரத்தில் வைத்தால் ஓரிரண்டில். பழைய வரம்புத் தடுப்பு அவனை ஒரு முறை கூடப் பிடிக்கவில்லை. அக், பாதியாக்கித் தேடுதல் இரண்டும் நிற்கும் நோட்களுக்கு வேலை செய்கின்றன. வேகத்தைக் கூட்டினால் நல்ல இணைப்புகள் தண்டனை வாங்குவது ஏறுகிறது. கைடு தலைப்பை மாற்றச் சொல்லிவிட்டார், "பிளாக்ஹோல்" என்ற சொல்லே வேண்டாம் என்கிறார்.

மொட்டைமாடி_ஆன்டெனா

நல்லது. ஒவ்வொரு வேகத்துக்கும் எத்தனை ரேண்டம் சீட் (ரேண்டம் எண்களின் தொடக்க எண்) ஓட்டினீர்கள்?

கடைசி_செமஸ்டர்

ஒன்று.

அலைவரிசை_அகிலா

😐

மொட்டைமாடி_ஆன்டெனா

குறைந்தது முப்பது ஓட்டுங்கள். ராத்திரி ஸ்கிரிப்ட்டைப் போட்டுவிட்டுத் தூங்குங்கள், லேப் சிஸ்டத்தை அட்டெண்டர் வந்து அணைக்காதபடி ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டு.